ஆமை டாக்டரின் பிரேக்

"இந்தத் தடவையும் சாதா பிரேக் பேடே போட்டுடுங்கம்மா," என்றார் பல் டாக்டர்.

மெக்கானிக்குக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. பத்து வருஷமாக இந்தப் பட்டறையைத் தனியாளாக நடத்துகிறாள். பிரேக் விஷயத்தில் இதுவரை யாரும் அவள் பேச்சைத் தட்டியதில்லை, இவரைத் தவிர.

மாதத்தின் கடைசி ஞாயிறு ரேஸ் டிராக்கில் கார் ஓட்டுவது டாக்டருக்கு ஒரு பைத்தியம். முதல் நாலு சுற்றில் ஆள் பறப்பார். ஐந்தாவது சுற்றில் சாதா பேட் சூடு தாங்காமல் பிடியை விட ஆரம்பிக்கும். வளைவுக்கு வெகு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுவார். பின்னால் வந்தவனெல்லாம் டாட்டா காட்டிவிட்டுப் போவான். டிராக்கில் அவருக்கு ஆமை டாக்டர் என்றே பெயர்.

நாளை மறுநாள் வருஷத்தின் கடைசிப் போட்டி. ரேஸ் பேட் மட்டும் போட்டால் கோப்பை அவருக்குத்தான். அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"கோப்பை வாங்கணும்னு உங்களுக்கு ஆசையே இல்லையா டாக்டர்?"

"இல்லாம என்னம்மா? இருபது வருஷ ஆசை. ஆனா ரேஸ் பேட் சூடேறினாத்தானே பிடிக்கும்? ஆறிக் கிடக்கிற வண்டியை எடுத்தா முதல் பிரேக்ல வழுக்குமே."

"கொஞ்சம் அழுத்தி மிதிச்சா நின்னுட்டுப் போகுது. உங்களுக்குத் தெரியாததா?"

"எனக்குத் தெரியும்," என்றவர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

டிராக்குக்கே வந்து மாட்டிவிட்டு, சாயங்காலமே கழற்றித் தருவதாகவும் சொல்லிப் பார்த்தாள். பேடை மாற்றினால் அது டிஸ்க்கோடு பழகும்வரை பிடிப்பு முன்னே பின்னே இருக்கும், அந்த ஒரு நாள்கூட வேண்டாம் என்று மறுத்துவிட்டார்.

அப்படி என்ன பிடிவாதம்? பயமா, கஞ்சத்தனமா? கேள்வி அவள் மண்டையைக் குடைந்தது. மீட்டரைப் பார்த்தால் குழப்பம் இன்னும் கூடியது. மாடியில் குடியிருந்து கீழேயே கிளினிக் நடத்துகிறவருக்கு ஒரே மாதத்தில் ஐநூறு கிலோமீட்டர் எங்கேதான் ஓடுகிறது?

வீட்டில் கணவனிடம் கேட்டாள். பல் பிடுங்குகிறவரிடம் போய்க் காசு பிடுங்கப் பார்க்கிறாயே என்று அவன் சிரித்தான். கஞ்சத்தனம்தான் என்று முடிவாயிற்று.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. இருபது வருஷ ஆசையாமே, பாவம். யாரோ ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்க வராமல் போன ரேஸ் பேட் ஒரு செட் அலமாரியில் கிடந்தது. சனிக்கிழமை காலை, அவரிடம் மூச்சுவிடாமல் அதை மாட்டினாள். ஊருக்கு வெளியே போய் ஓட்டிப் பழக்கி, ஆறவும் விட்டாள். தன் பரிசு என்று சொல்லி நேரில் சாவியைக் கொடுக்க வேண்டும், அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று மத்தியானம் தானே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

தெருமுனையில் முதல் பிரேக். வண்டி நிற்காமல் இரண்டடி கூடுதலாக நழுவியது. அவள் எதிர்பார்த்ததுதான். இன்னும் அழுத்தி மிதித்தாள், நின்றது.

கிளினிக்கில் டாக்டர் யாரோ ஒருவரின் வாய்க்குள் தலையைவிடாத குறையாக வேலையில் இருந்தார்.

"சாதா பேடுதானேம்மா போட்டீங்க?" என்று திரும்பாமலே கேட்டார்.

எல்லாம் சரியாகப் போட்டாயிற்று என்று மழுப்பினாள். வாசலில் கொக்கி இருக்கிறது, சாவியை அதில் மாட்டிவிட்டுப் போகச் சொன்னார். சரி, பரிசு விஷயத்தைச் சாயங்காலம் போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று வெளியே வந்தாள்.

கொக்கிக்கு மேலே ஒரு சின்னப் பலகை இருந்தது.

"அவசரமா? கேட்க வேண்டாம், வண்டியை எடுத்துப் போங்கள். கடைசி ஞாயிறு பகலில் மட்டும் வண்டி இருக்காது. மன்னிக்கவும்."

பக்கத்தில் நூலில் கட்டிய பென்சிலோடு ஒரு நோட்டு தொங்கியது. புரட்டினாள். வரிக்கு வரி கையெழுத்து மாறியது. எதிர் வீடு, பிரசவம். கடைசி வீடு, குழந்தைக்குக் காய்ச்சல். அடுத்த தெரு, அப்பாவுக்கு நெஞ்சுவலி.

கடைசியாக முந்தாநாள் தேதியில், கோணல்மாணலான எழுத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்.

"மூன்றாம் வீடு. அத்தைக்கு மூச்சுத் திணறல். நான் லைசென்ஸ் வாங்கி இருபது நாள்தான் ஆகிறது. கை காலெல்லாம் நடுங்கியது. ஆனால் மிதித்த இடத்தில் வண்டி நின்றது."

மெக்கானிக்குக்குத் தெருமுனையில் நழுவிய அந்த இரண்டடி ஞாபகம் வந்தது. கஞ்சன் என்று நினைத்ததற்கு வெட்கமாகவும், செய்து வைத்திருந்ததை நினைத்தால் பயமாகவும் இருந்தது.

சாவியைக் கொக்கியில் மாட்டாமல், தன் பரிசைக் கழற்றிப்போட வண்டியைப் பட்டறைக்கே திருப்பினாள்.