தேய்ந்த ஐந்து

பச்சை பெயிண்ட் அடித்த பெட்டியின் முன்னால் அலுவலகமே வரிசையில் நின்றது. ஆளுக்கொரு பழைய செல்போன். பெட்டியின் நெற்றியில் ‘பூமியைக் காப்போம்’ என்று எழுதியிருந்தது.

பூமிக்கு வாய் இருந்தால், சாமிகளா, என்னை விட்டுவிடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கும்.

வரவேற்பு மேசையில் உட்காருகிறவள் வரிசையின் கடைசியில் நின்றாள். அவள் பைக்குள் இரண்டு போன்கள் இருந்தன. ஒன்று தினமும் பேசுவது. இன்னொன்று நேற்று சாயங்காலம் வாங்கியது.

மேடையில் மேலாளர் கழுத்தில் பச்சைத் துண்டோடு முழங்கிக்கொண்டிருந்தார். பழைய போனுக்குள் செம்பு இருக்கிறதாம், பொன் இருக்கிறதாம். குப்பையில் எறிந்தால் மண்ணுக்கு விஷமாம், உருக்கி எடுத்தால் மறுபிறவியாம். சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. சொன்ன வாய்தான் சரியில்லை. புது மாடல் வந்த அன்றே வாங்கிய கைதான் மைக்கைப் பிடித்திருந்தது.

அதிகப் போன் சேர்க்கும் கிளைக்குத் தலைமை அலுவலகம் கேடயம் தரும். போன வருடம் கிடைத்தது. ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? இந்த வருடமும் ஆளுக்கு ஒன்று கட்டாயம், கொண்டுவராத தற்காலிக ஊழியர்கள் வேலை நீட்டிப்பை மறந்துவிடலாம் என்று மேலாளர் உத்தரவு போட்டிருந்தார்.

அவள் தற்காலிகம்.

வருடா வருடம் எடுத்துக் கொடுக்க வீட்டில் போன் என்ன முட்டையா போடுகிறது? அதனால் மொத்த அலுவலகமும் பேருந்து நிலைய நடைபாதைக் கடைக்குப் படையெடுத்தது. கணக்குப் பிரிவு வெட்கமில்லாமல் பேரம் பேசியது. மேலாளரின் டிரைவர் ஒரு மூட்டையே அள்ளிக்கொண்டு போனார். குப்பையை ஒழிப்பதற்காகக் குப்பையைக் காசு கொடுத்து வாங்கின புத்திசாலிகள்.

கடைக்காரன் எதையும் ஒளிக்கவில்லை. போன வருடம் பெட்டியைத் தூக்கிப்போன வண்டி, உருக்குகிற இடத்துப் பக்கமே போகாமல் நேராக இவனிடம் வந்து கொட்டிவிட்டுப் போயிருக்கிறது. கேடயத்தோடு படம் எடுத்துக்கொண்ட யாரும் வண்டி எங்கே போனதென்று கேட்கவில்லை.

அவள் போய்ச் சேர்ந்தபோது ஒன்றே ஒன்றுதான் மிச்சம். பட்டன் போன்.

“அஞ்சாம் நம்பர் மட்டும் தேஞ்சு போச்சுக்கா, அதான் யாரும் எடுக்கல. மத்தபடி நல்லா வேலை செய்யும்.”

அவள் பேரம் பேசவில்லை.

அது அப்பாவுடையது. போன வருடம் அவர் போய் ஈரம் காய்வதற்குள், வீட்டில் சும்மாதானே கிடக்கும் என்று இதே மேலாளர் கேட்டு வாங்கி, இதே பெட்டியில் போடவைத்தார். உருகி நாலு பேருக்கு உதவும் என்று அவளும் நம்பினாள்.

அவள் முறை வந்தது. போடாவிட்டால் வேலை இல்லை. பைக்குள் கைவிட்டாள், ஒன்றை எடுத்தாள், பெட்டிக்குள் போட்டாள். படம் எடுத்தார்கள். கை தட்டினார்கள்.

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பெரியவர் கேடயத்தோடு எழுந்தார். அப்போதுதான் அவருக்குக் கொடுக்கவேண்டிய பூங்கொத்தைக் காணோம் என்று மேலாளருக்குத் தெரிந்தது. அவள் மேடைக்கு எதிரேதான் நின்றாள். ஆனால் ஆளைப் பார்த்துக் கூப்பிடுகிற வழக்கம் மேலாளருக்குக் கிடையாது. தண்ணீர் வேண்டுமானாலும், மூக்குக்கண்ணாடியைக் காணோமென்றாலும், விடுமுறை நாளானாலும் போன்தான்.

புதுப் போனை எடுத்து அவளை அழைத்தார்.

பெட்டி ஒலித்தது.

எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள். பூட்டியிருந்தது. சாவி வண்டிக்காரனிடம். ஒலித்து ஓய்ந்து, மறுபடி ஒலித்தது.

“எங்க போய்த் தொலைஞ்சா இவ, எடுக்கவே மாட்டேங்கறா,” என்றார் மேலாளர். மைக் அதையும் சபைக்குச் சொன்னது.

அவள் அசையவில்லை. பைக்குள் அவள் கட்டைவிரல் அந்தத் தேய்ந்த பொத்தானின் மேல் இருந்தது.

எழுத்துத் தெரியாத அப்பாவுக்கு, ஐந்தை அழுத்திப் பிடித்தால் போதும், நான் பேசுவேன் என்று பழக்கிக் கொடுத்தவள் அவள்தான். வேலை நேரத்தில் வீட்டிலிருந்து வரும் போனை எடுக்கக் கூடாது என்பது மேலாளரின் உத்தரவு. அது அப்பாவுக்குத் தெரியாது. அவர் அழுத்திக்கொண்டே இருந்தார்.

பெட்டி மறுபடி ஒலித்தது.

ஒலிக்கட்டும் என்று நின்றாள்.