ரம் ஊற்றிய ஜக்

இரண்டு ஜக்கும் ஒரே வெள்ளையாக இருந்தன.

அவள் பிரிட்ஜ் கதவைப் பிடித்தபடி நின்றாள். மணி நாலரை. ஐந்து மணிக்கு விருந்தாளிகள் வந்துவிடுவார்கள்.

ஒன்றில் ரம் இருக்கிறது. மற்றதில் இல்லை.

எதில் என்று தெரியவில்லை.

கணவனின் வேலைத்தல நண்பர்கள் ஆண்டுதோறும் டிசம்பரில் நத்தாருக்கு முன் ஒரு வீட்டில் கூடுவார்கள். இந்தமுறை இந்த வீடு. வெளியே பனி முழங்கால் வரை கிடக்கிறது. அவர்களுக்கு வெயில் நாட்டுப் பானம் வேண்டுமாம். அன்னாசிச் சாறு, தேங்காய்ப்பால், ரம். உங்கள் ஊர்ப் பானம் என்று யாரோ சொன்னார்களாம். அவளுடைய ஊரில் தேங்காய்ப்பாலைச் சொதிக்குத்தான் விடுவார்கள். இதைக் குடித்த ஒருவரைக்கூட அவளுக்குத் தெரியாது.

ஆனாலும் மனம் வைத்துச் செய்தாள். முதற்பால் மட்டும் பிழிந்தாள். அன்னாசியை அடித்து வடித்தாள். சாதிக்காய் துருவிப் போட்டாள். கிளாஸ் விளிம்புகளைச் சீனிப்பாகில் தொட்டு, தேங்காய்ப்பூவில் உருட்டி, பனி விழுந்தது போல அடுக்கி வைத்தாள்.

விருந்தாளிகளுக்கு ஒரு ஜக். கணவன் குகதாசனுக்கு ஒரு ஜக்.

குகதாசன் குடியை விட்டு ஒன்பது மாதம். வேலைத்தலத்தில் ஒருவருக்கும் அது தெரியாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றான்.

அவளுடைய இடக்கையில் இருபத்தொரு இழை நூல். பிள்ளையார் கதை விரதம், பதினெட்டாம் நாள். மத்தியானம் ஒரு நேரச் சாப்பாடு. பிறகு தண்ணீர் மட்டும். வேண்டுதல் ஒன்றுதான், அது அவனுக்கும் தெரியும்.

"உமக்கு இருபத்தொரு நாள் விரதம், எனக்கு ஆயுள் விரதம்" என்று சிரிப்பான்.

குடியை விட்ட நாள் முதல், வேலையால் வந்ததும் வாசலிலேயே நின்று அவள் முகத்தில் ஊதிக் காட்டுவான். நூல் கட்டிய அன்று, இனி வேண்டாம் என்று அவள்தான் சொன்னாள். வேண்டுதல் வைத்துவிட்டுச் சந்தேகப்பட்டால் அது என்ன விரதம்?

ரம் போத்தலை அவள் தொடவில்லை. தான் ஊற்றுவதாக அவன் சொன்னான். அவளைப் போய்க் கதை படிக்கச் சொன்னான். ரம் ஊற்றிய ஜக்கின் கைபிடியில் ஒரு ரப்பர் வளையம் மாட்டச் சொல்லிவிட்டுச் சாமியறைக்குப் போனாள்.

படித்து முடித்து வந்தபோது குசினியில் அவன் இல்லை. வாசலில் பனி அள்ளும் சத்தம் கேட்டது. ஜக்குகள் பிரிட்ஜுக்குள். ரப்பர் வளையம் மேசையில். பக்கத்தில் போத்தல். மத்தியானம் அது சீல் உடைக்காமல் இருந்தது. இப்போது பாதி.

பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தவள் அவள்தான். யாரை நோவது?

யன்னலைத் தட்டினால் வருவான். எது என்று கேட்கலாம். மறந்துபோச்சு, பொறும், குடித்துப் பார்க்கிறேன் என்று சொன்னால்? ஒரு வாய் போதும். ஒன்பது மாதமும் போய்விடும்.

முகர்ந்து பார்த்தாள். சாதிக்காய். அன்னாசி. திரும்பவும் சாதிக்காய்.

நூலைப் பார்த்தாள். பிள்ளையாரப்பா, பொறுத்துக்கொள்.

இடப்பக்க ஜக்கில் ஒரு கரண்டி. இனித்தது.

வலப்பக்க ஜக்கில் ஒரு கரண்டி. அதுவும் இனித்தது.

பதினான்கு வருடம் ரம் மணத்துக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறாள். ருசி தெரியாது.

முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு? தேங்காய்ப்பூ ஒட்டிய கிளாஸ் இரண்டை எடுத்தாள். இதில் பாதி, அதில் பாதி விட்டுக் குடித்தாள். வயிற்றுக்கு இதமாக இருந்தது. அதுவே குழப்பியது. இந்த இதம்தான் ரம்மோ? இதற்காகத்தானோ அவன் அப்படிக் கிடந்தான்?

போத்தலைத் திறந்து, மூடியில் கொஞ்சம் விட்டு, நாக்கில் வைத்தாள்.

நெருப்பு.

இருமினாள். கண்ணீர் வந்தது. திரும்ப இடப்பக்க ஜக். திரும்ப வலப்பக்க ஜக். நெருப்பு இல்லை.

எதிலும் இல்லை.

அப்படியென்றால் அரைப் போத்தல் எங்கே?

கொட்டியிருப்பான். மணம் தாங்காமல் சிங்கில் கவிழ்த்திருப்பான். பாவம் மனுசன். குனிந்து சிங்கை முகர்ந்தாள். எலுமிச்சைச் சோப்பு மணம் வந்தது. சிங்க் பளிச்சென்று தேய்த்துக் கழுவியிருந்தது.

பதினான்கு வருடத்தில் அவன் ஒருநாளும் சிங்க் கழுவியதில்லை.

ரம்மைக் கொட்டியவனும் கழுவுவான். குடித்தவனும் கழுவுவான். அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

பனி அள்ளும் சத்தம் நின்றது. கதவு திறந்தது. குளிர் முதலில் வந்தது, பிறகு அவன்.

பூட்ஸைக் கழற்றினான். தொப்பியைக் கழற்றினான். கையுறைகளைக் கழற்றினான்.

மூக்கு வரை சுற்றியிருந்த சால்வையைக் கழற்றவில்லை.

மேசையில் இருந்த கிளாஸ்களைப் பார்த்தான். அவளுடைய மேலுதட்டில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்ததைப் பார்த்தான்.

"விரதத்தை முறிச்சிட்டீரோ?" சால்வைக்குள் இருந்து கேட்டான்.

"ஓம்" என்றாள். "நீங்கள்?"