மூன்றாவது குச்சி

இரண்டாவது குச்சியின் பஞ்சும் தணிகாசலத்தின் வாயிலிருந்து காய்ந்தபடியே வெளியே வந்தது.

அவள் அதைக் குப்பைக்கூடையில் போட்டாள்.

எச்சில் போதுமான அளவு நனைத்தால் பஞ்சு நீலமாகும். அப்புறம்தான் கஞ்சாவா, போதை மாத்திரையா, ஒன்றுமே இல்லையா என்று தெரியும். மூன்று குச்சியும் நனையாவிட்டால் ‘சோதனைக்கு மறுத்தார்’ என்று எழுத வேண்டும். மறுத்தவருக்கு மறுநாள் இந்தக் கிடங்கில் வேலை கிடையாது.

காலையிலிருந்து இருபது பேர் ஆகிவிட்டது. எல்லோரும் சரக்கு தூக்கும் வண்டி ஓட்டுகிறவர்கள். கஞ்சா அடித்தவனுக்கும் வாய் வறளும், அடிக்காதவனுக்கும் பயத்தில் வறளும். சோதனைக்கு முன்னால் அவர்கள் எதையும் வாயில் போடக்கூடாது.

அவள் போடலாம்.

அதனால் ஒரு டப்பா நிறைய அரைநெல்லிக்காயும் மிளகாய்த்தூள் கலந்த உப்பும் கொண்டுவருவாள். எதிரே உட்கார்ந்து நறுக்கென்று கடிப்பாள். பார்க்கிறவன் வாய் தானாக ஊறும். ஐந்து வருடத்தில் ஒருவரும் தப்பியதில்லை. சாயங்காலம் சோறு மெல்ல முடியாமல் அவளுக்குத்தான் பல் கூசும்.

தணிகாசலத்தின் எதிரே உட்கார்ந்து ஆறு காய் தின்றாகிவிட்டது.

அவர் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டைகூட அசையவில்லை.

கஞ்சாதான் என்று முடிவு கட்டிவிட்டாள். தலை நரைத்த வயதில் இதெல்லாம் தேவையா என்று எரிச்சலாக வந்தது.

அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார். சாத்தியிருந்தது.

மேல் பொத்தானைக் கழற்றி, காலரை விலக்கினார். கழுத்தின் ஒரு பக்கம் முழுக்கத் தோல் கறுத்துத் தடித்திருந்தது.

“முப்பத்தஞ்சு நாள் ஆஸ்பத்திரில கரண்ட் வெச்சாங்கம்மா. அதோட எச்சில் நின்னுபோச்சு. இங்க மஞ்சக்காமாலைன்னு சொல்லித்தான் லீவு போட்டேன். கேன்சர்னு தெரிஞ்சா வெச்சுக்க மாட்டாங்க.”

அவளுக்கு வெட்கமாக இருந்தது.

படிவத்தைப் பார்த்தாள். அவர் பெயருக்கு எதிரே கட்டம் காலியாக இருந்தது. டப்பாவிலிருந்து இன்னொரு காயை எடுத்தாள்.

“எனக்கு வராதும்மா,” என்றார் அவர். “வீணா உங்க பல்லுதான் கூசப்போவுது.”

“தெரியும்ணா. இத நீங்க பாக்க வேணாம். கொஞ்சம் செவுத்துப் பக்கம் திரும்பி உக்காருங்க.”

அவர் நாற்காலியோடு திரும்பிக்கொண்டார்.

அவள் கடித்தாள். சக்கையைக் கூடையில் துப்பினாள். வாய் நன்றாக ஊறியிருந்தது.

மூன்றாவது குச்சியின் உறையைப் பிரித்தாள்.