கரையேறிய மாலுமி

நூலகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள், ஒரு பழங்காவியத்தில் கப்பல் உடையும் காட்சியைப் பொம்மைக் கட்டைகளால் கட்டி முடித்திருந்தாள் நூலகர். கதைப்படி ஒருவரும் பிழைப்பதில்லை. அவளுடைய தம்பி வேலை பார்க்கும் கப்பல் புயலில் சிக்கித் தகவலே இல்லை. கை சும்மா இருந்தால் மனசு கெட்டதையே நினைக்கும் என்றுதான் இந்த வேலையை எடுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் பார்த்தால், கடலுக்குள் அவள் பதித்துவைத்த மாலுமி பொம்மை ஒன்று கரையில் உட்கார்ந்திருந்தது.

"யாரு இதை எடுத்து வெச்சது?"

"பெட்டிச் சாவி உங்ககிட்டதானே மேடம் இருக்கு?" என்றார் காவலாளி.

அதைத் திரும்ப மூழ்கடிக்க அவளுக்கு மனசு வரவில்லை. அப்படியே விட்டுவிட்டாள்.

மத்தியானம் போன் அடித்தது. "அக்கா, நான்தான். கரைக்கு வந்துட்டேன். அட, அழாதே!"

அழுது ஓய்ந்து, மூக்கைச் சிந்திக்கொண்டு திரும்பினாள். பொம்மையின் காலடியில் தண்ணீர் சொட்டியிருந்தது. கைக்குட்டையை எடுத்து அதன் தலையைத் துவட்டிவிட்டாள்.