பிரேக் வயரும் எலுமிச்சம்பழமும்

ஒரு அப்பா தன் ஏழு வயது மகள் யாழினிக்காக, ஓட்டிப் பழசான நாலு சக்கரக் குட்டி மோட்டார் வண்டியை மலிவாக வாங்கினார். பெயிண்ட் அடித்தார், ஹாரன் வைத்தார், முன்னால் அவள் பெயரை ஒட்டினார். நைந்துபோன பிரேக் வயரை மட்டும், "பாப்பா மெதுவாத்தானே ஓட்டுவா" என்று விட்டுவிட்டார்.

பூஜை போட்டு, சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம் வைத்தார்கள்.

"பாவம்டா தம்பி, நசுங்கப் போறியே" என்றது வயர்.

"நான் நசுங்கினா பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதாம் அண்ணே. உங்களுக்கு ஒரு பொட்டுகூட வைக்கலையே!" என்று சிரித்தது ஒரு பழம்.

"பொட்டு வேண்டாம்டா. எனக்கு ரெண்டே இழைதான் மிச்சம். யாராவது குனிஞ்சு பார்த்தாப் போதும்."

அப்பா குனிந்தார். பழத்தை நேராக வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

பழங்கள் நசுங்கின. எல்லோரும் கைதட்டினார்கள். தெரு இறக்கத்தில் யாழினி பிரேக்கைப் பிடித்தாள். வயர் அறுந்தது. வண்டி சுவரில் மோதியது.

மகளை மாவுக்கட்டோடு தூக்கி வந்த அப்பா, வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"பழம் அழுகலா இருந்திருக்கு" என்றார்.

பிறகு அறுந்த வயரில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு, பெரிய பூசணிக்காயாகப் பார்த்து வாங்கப் போனார்.