பேர் தெரியாத பாட்டுகள்

"எல்லாம் கோழி கிறுக்கின மாதிரி இருக்கும்மா" என்றார் அப்பா போனில். "ஒரு பாட்டோட பேரும் படிக்க முடியல."

மகள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். ஆபீசில் யாருடைய கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். காலையிலிருந்து அதே பாடு, இப்போது அப்பாவும் சேர்ந்துகொண்டார்.

"டான்ஸ் டீச்சர் அனுப்பின பாட்டைத்தானே டவுன்லோடு பண்ணீங்க? பேரெல்லாம் தமிழ்ல வெச்சிருப்பாங்க. போன வருஷமும் இதே கதைதானே?"

"அதே கதைதான். நீதான் சரி பண்ணிக் கொடுத்தே."

சரி பண்ணிக் கொடுத்ததோடு, இனிமேல் இங்கிலீஷில் பேர் வைக்கச் சொல்லுங்கள் என்று தலைப்பாடாய் அடித்துக்கொண்டாள். யார் கேட்டார்கள்? தமிழ் எழுத்து சில மெஷினில் போய் இறங்கினால் கட்டமும் கேள்விக்குறியுமாகப் பல்லிளிக்கும். அப்பாவுடைய மெஷின் அந்த ரகம்.

அப்பா ஒரு கலையரங்கத்தில் சவுண்ட் ஆபரேட்டர். இன்று சாயங்காலம் டான்ஸ் பள்ளியின் ஆண்டு விழா. ஊர்ப்பட்ட பிள்ளைகள் மேக்கப்போடு காத்திருக்கிறார்கள்.

"ஒவ்வொண்ணா போட்டுக் கேட்டுப் பாருங்களேன்."

"கேட்டாலும் புரியாதும்மா. ஒரே பாட்டைச் சின்னப் பசங்களுக்கு ஒரு மாதிரி, பெரிய பசங்களுக்கு ஒரு மாதிரி வெட்டி அனுப்பியிருக்காங்க. ஆரம்பம் எல்லாம் ஒண்ணுதான். பேரை வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும்."

அவர் குரல் இறங்கியது. "போன மாசம் பாட்டு மாறிப்போச்சில்ல. இன்னொரு தடவை அப்படி ஆச்சுன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்னு மேனேஜர் சொல்லிட்டார்."

அது அவளுக்கும் தெரியும். அம்மா போன பிறகு அப்பாவுக்கு அந்த சவுண்ட் ரூம்தான் வீடு. அந்த வேலையும் போனால் மனிதர் இடிந்து உட்கார்ந்துவிடுவார். அந்தப் பயம்தான் அவள் வாயில் கோபமாக வந்துகொண்டிருந்தது.

"பதறாதீங்க. பாட்டு எத்தனை நிமிஷம்னு பக்கத்துல போட்டிருக்குமே, அந்த நம்பர் தெரியுதா?"

"நம்பர் பளிச்சுனு தெரியுது. எழுத்துதான் குப்பை."

அவளுக்குப் பாதி உயிர் வந்தது. நம்பர் தப்பித்து எழுத்து மட்டும் குட்டிச்சுவரானால் அது எழுத்துருத் தகராறுதான், வேறொன்றுமில்லை. எங்கே தட்ட வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்று வரிசையாகச் சொன்னாள். பழகின மெஷின் என்பதால் அப்பாவும் கை போன போக்கில் தட்டிக்கொண்டே வந்தார். கடைசியில் ஒரு தடவை அணைத்தும் போட்டார்கள்.

"இப்ப?"

"அப்படியேதான் இருக்கு" என்றார் அப்பா. "இன்னைக்கு முழிச்ச முகமே சரியில்ல. பேப்பர் போடுறவன்கூட எந்த பாஷைப் பேப்பரையோ வீசிட்டுப் போயிட்டான்."

"தனியா இருக்கீங்க, கண்ணாடியைப் பார்த்துத்தானே முழிச்சிருப்பீங்க?"

அவர் சிரிக்கவில்லை. அவளுக்கும் சிரிப்பு வந்த பாடில்லை.

"சரி, புதுசா ஒரு ஃபோல்டர் திறந்து, நீங்களே தமிழ்ல ஏதாவது பேர் அடிங்க."

சடசடவென்று சத்தம் கேட்டது. அப்பா கீபோர்டைப் பார்க்காமலே அடிப்பார், டைப்ரைட்டிங் படித்த விரல்கள்.

"உன் பேரைத்தான் அடிச்சேன்" என்றார். "அதுவும் கிறுக்கலா வருது."

அவளுக்குச் சுருக்கென்றது. டவுன்லோடு பண்ணின ஃபைலில் கோளாறு என்றால், இவர் இப்போது அடித்தது ஏன் கெட வேண்டும்? மெஷினுக்குள்ளேயே வைரஸ் புகுந்துவிட்டது.

"கண்ட இடத்துலேர்ந்து எதையும் இறக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? சொன்னா காதுல போட்டுக்கிறதே இல்ல."

"நான் ஒண்ணும் பண்ணலம்மா" என்றார் அப்பா. திட்டு வாங்கின பிள்ளையின் குரல் அது. எரிந்து விழுந்தோமே என்று அவளுக்கு உறைத்தது.

"சரி விடுங்க. ஸ்கிரீனை உங்க போன்ல ஒரு படம் எடுத்து அனுப்புங்க. என்ன வைரஸ்னு பார்க்கிறேன்."

"எடுத்துட்டேன். உன் போட்டோவைத் தொட்டு அனுப்பிட்டேன், வந்துச்சா?"

வந்தது. அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மேலிருந்து கீழே பார்த்து, மறுபடியும் மேலே போய்ப் பார்த்தாள்.

பக்கத்து சீட்டுக்காரியின் போனைக் கேட்காமலே எடுத்தாள். கலையரங்கத்தின் முகவரியைச் சொல்லி, உடனே வரச் சொன்னாள்.

"யாரும்மா வர்றாங்க, மெக்கானிக்கா?" என்று கேட்டார் அப்பா. "ஆறு மணிக்குள்ள சரி பண்ணிடுவாரா? டீச்சர் வேற கதவைத் தட்டுறாங்க. அவங்ககிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

"எல்லாப் பேரும் தெளிவாத்தான் இருக்குப்பா, என் பேரும்கூட. காலையில வந்த பேப்பரும் தமிழ்ப் பேப்பராத்தான் இருக்கும். எந்திரிக்காதீங்க, ஆம்புலன்ஸ் வருது."