அமராவதி அக்காவுக்கு ஒரு ஆக்ஸில்

"எனக்குத் தாங்குற மாதிரி ஒண்ணு பாத்துப் போடுங்க தம்பி."

அமராவதி அக்கா இப்படிச் சொன்னதும் இலுப்பூர் ஜெரால்டு ஒர்க்‌ஷாப்புல நின்ன நாங்க அத்தனை பேரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டோம். மரியாதைக்கு இல்ல, சிரிப்பை மறைக்க.

அக்கா கேட்டது நாற்காலி இல்ல, கட்டிலும் இல்ல. ஜீப்போட பின் ஆக்ஸில், பின்சக்கரத்தைச் சுத்த வைக்கிற அச்சுத் தண்டு.

விசயம் ஊருக்கே தெரியும். போன மாசம் குடும்பத்தோட குலதெய்வம் கும்பிடப் போனாங்க. கோயிலு நார்த்தாமலைக்கு அங்கிட்டுக் காட்டுக்குள்ள இருக்கு. காரு போகாது, அவுக வீட்டுப் பழைய ஃபோர் வீல் ஜீப்புதான் போகும். பதினோரு பேரு, ஒரு கெடா, பொங்கப் பானை, அரிசி மூட்டை. ஓட்டுனது அக்கா வீட்டுக்காரரு நாகராசு.

ஓடை மணல்ல எறங்குன வண்டி ஏறல. சக்கரம் அங்கனயே சுத்துச்சு, உறுமுச்சு, கடைசியில டமார்னு பின் ஆக்ஸில் ஒடிஞ்சு போச்சு. சத்தத்துல கெடா குதிச்சுக் காட்டுக்குள்ள ஓடிருச்சு. கெடா தப்பிச்சுக்கிச்சு, அக்கா மாட்டிக்கிச்சு.

அக்காவுக்குக் கொஞ்சம் கனத்த ஒடம்பு. "என் வெயிட்டுதான் போல"ன்னு அங்கனயே அதுவா வாயை விட்டுருச்சாம். அப்பறம் ஊரு விடுமா? அக்கா பஸ்ஸுல ஏறுனா கண்டக்டரு எறங்கி டயரைப் பாக்குறாருன்னு கதை கட்டி விட்டுட்டாங்க. அதையும் கேட்டு அக்கா சிரிக்கத்தான் செஞ்சுச்சு.

வர்ற புதன்கிழமை அதே கோயில்ல பேத்திக்குக் காதுகுத்து. அதுக்குள்ள வண்டி ரெடியாகணும்.

கூட வந்திருந்த அக்காவோட தம்பி மலையாண்டி எட்டு மாசம் முன்னாடிதான் லைசென்ஸ் எடுத்தவன். அவனுக்கு ஜீப்புச் சாவி மேல ஒரு கண்ணு. மச்சானுக்கு அறுபது வயசாச்சு, ஓட்டுனதுல மட்டும் தப்பு இருந்துச்சுன்னா புதன்கிழமை சாவி என் கையிலதான்னு அன்னைக்கு ஓடையிலயே சொல்லிட்டானாம். இப்ப அக்காவை ஒரு டிரிப்பு, மத்த பத்துப் பேரை ஒரு டிரிப்புன்னு அடிச்சா சாதா ஆக்ஸிலே போதுமேன்னு கேக்குறான்.

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்தான், இல்லேங்கல.

ஆனா அந்த நாகராசைப் பாத்துத்தான் எனக்கு எரிச்சலா வந்துச்சு. சவுதியில இருபத்திரெண்டு வருசம் டிரெய்லர் ஓட்டுன மனுசன். கட்டுன பொண்டாட்டியை நாலு பேரு கேலி பண்ணையில, துண்டை எடுத்து ஜீப்புக் கண்ணாடியைத் தொடைச்சுக்கிட்டு நிக்கிறாரு. ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?

ஜெரால்டு மூணு ஆக்ஸிலைத் தரையில போட்டுக் காட்டுனாரு. ஒண்ணு வண்டியோட வந்த அதே சைசு. ரெண்டாவது அதைவிடக் கொஞ்சம் தடிப்பு. மூணாவது லோடு வண்டியிலேருந்து கழட்டுனது, தூக்கவே ரெண்டு ஆளு வேணும். அதைப் போட்டா வெல்டிங் வேலை நெறைய இருக்கு, மைலேஜும் கொறையும், மொத ரெண்டுல ஒண்ணு போதும்னாரு.

அக்கா நேராப் போயி மூணாவது பக்கத்துல நின்னுக்கிச்சு. "இதான்."

"அக்காவுக்கே அக்கா இதுதான்"னு சொல்லிட்டு மலையாண்டி மச்சானை டீக்கடைக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டான். மத்தவங்களும் கலைஞ்சுட்டாங்க. என் டிவிஎஸ் பிஃப்டிக்கு இன்னும் வேலை முடியல, நான் மட்டும் குத்த வச்சு உக்காந்திருந்தேன்.

ஜெரால்டு ஒடிஞ்சு போன தண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"அக்கா, பாரத்துனால போயிருந்தா இது வளைஞ்சிருக்கணும். இது துணியப் பிழிஞ்ச மாதிரி முறுக்கி ஒடிஞ்சிருக்கு. மணல்ல சுத்துன சக்கரம் பட்டுன்னு பாறையைப் புடிச்சிருக்கு. ரிவர்ஸ் எடுத்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. ஒங்க வெயிட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அக்கா டீக்கடைப் பக்கம் ஒரு பார்வை பாத்துட்டு, கொரலைத் தாழ்த்திக்கிச்சு.

"தெரியும் தம்பி. முன்சீட்டுல உக்காந்து தொடையில கிள்ளிக் கிள்ளிச் சொன்னேன், ரிவர்ஸ் எடுங்கன்னு. குலதெய்வத்துக்குக் கெளம்புன வண்டியைப் பின்னுக்கு எடுக்கக் கூடாது, அவுக வம்சத்துல வழக்கமில்லன்னுட்டு மிதி மிதின்னு மிதிச்சாரு."

ஜெரால்டுக்குக் கோவம் வந்துருச்சு. இந்தா, இப்பவே போயி மலையாண்டிகிட்டச் சொல்றேன்னு கெளம்பிட்டாரு. அக்கா குறுக்க வந்து நின்னுச்சு. அக்கா குறுக்க நின்னா யாரு தாண்ட முடியும்.

"சொல்லிறாதீங்க தம்பி. அவரும் என் வெயிட்டுன்னே நம்பிட்டாரு, அப்படியே இருக்கட்டும். ஊரே என்னையப் பாத்துச் சிரிச்சாலும் நான் ரெண்டு தோசை கூடுதலாத்தான் திம்பேன். அவருகிட்டேருந்து சாவியை வாங்கிட்டா அந்த மனுசன் சோறு திங்க மாட்டாரு."

எனக்கு மூஞ்சியை எங்க கொண்டு போயி வைக்கிறதுன்னு தெரியல. வெக்கமாப் போச்சு.

ஜெரால்டு ஒடிஞ்ச தண்டைக் கீழ வச்சாரு. அப்பறம், "சரிக்கா, நான் சொல்லல. ஆனா பாரம் காரணமில்லன்னு ஆகிப்போச்சுல்ல. சாதா ஆக்ஸிலே போதுமே, எதுக்கு இம்புட்டுப் பெருசு?"ன்னு கேட்டாரு.

அக்கா முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு அந்தப் பெரிய ஆக்ஸிலை இன்னொரு தடவை நல்லாப் பாத்துச்சு.

"புதன்கிழமையும் அவருதான தம்பி ஓட்டுவாரு."